தையல் நூல்

முரட்டுக் கையாம் எனக்கு. பயிற்சியாளர் பெனடிக்ட் என் குதிரை கருக்கலின் கடிவாளத்திலிருந்து தோல் வார்களைக் கழற்றிவிட்டு, இரு பக்கமும் வெள்ளைத் தையல் நூலைக் கட்டினார். "நூல் அறுந்துச்சுன்னா கருக்கல் உனக்கில்ல. டிரெஸாஜ் நடனப் போட்டிக்கு இந்தக் குதிரைல வேற ஆள்தான் ஏறும்."

"மட்ட நூலா வாங்கிட்டு வந்து என்னைச் சொல்லாதீங்க சார்."

வேலியில் சாய்ந்திருந்த மற்ற பயிற்சிப் பெண்கள் சிரித்தார்கள். "இசக்கி வாயாலயே ஓட்டிருவாடி," என்றாள் ஒருத்தி.

ஏறி உட்கார்ந்தேன். கோபத்தில் என் முதுகு விறைத்திருந்தது. கருக்கல் காதுகளைப் பின்னால் மடித்தாள். மூச்சை விட்டேன், காதுகள் முன்னே வந்தன. இடுப்பைக் கொஞ்சம் திருப்பினேன், அவளும் திரும்பினாள். மைதானத்தின் நடுவே மூச்சைப் பிடித்து நிமிர்ந்தேன். அவள் முன்னே போகவில்லை, நின்ற இடத்திலேயே ஓடத் தொடங்கினாள். கால்கள் இரண்டிரண்டாக எழுந்து, காற்றில் சற்றுத் தங்கி, சத்தமில்லாமல் இறங்கின. புழுதிகூட எழவில்லை. இவ்வளவு பலத்தை வைத்துக்கொண்டு ஓர் உடம்பு இவ்வளவு மென்மையாக இருக்க முடியுமா?

வேலியில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பெனடிக்ட் சார் என் கையையே பார்த்தபடி நெருங்கி வந்தார். நானும் குனிந்து பார்த்தேன். இரண்டு நூல்களும் அறுந்து, அவள் கழுத்தோரம் ஆடிக்கொண்டிருந்தன.

"எப்பம்மா அறுந்துச்சு?"

"தெரியல சார்."

குதிரையைப் பிடிக்க அவர் கை நீண்டது. தொடாமல் அந்தரத்திலேயே நின்றது.

கருக்கல் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தாள்.