பழுப்பு ஷூக்காரர்

"பேப்பரை மடிங்க, அவரு வர்றாரு."

தேரடித் தெருவில் தசரதனின் டீக்கடையில் எவரும் எழுதி வைக்காத விதி ஒன்று இருந்தது. மூலை பெஞ்சில் பழுப்பு ஷூக்காரர் இருக்கும்வரை யாரும் அரசியல் பேசக்கூடாது. மழை, மணிலாக்கொட்டை விலை, கார்த்திகை தீபத்துக் கூட்டம் இவற்றோடு பேச்சு நின்றுவிடும்.

காரணம் இருந்தது. அவசரநிலை அமலில் இருந்த சென்ற சித்திரையில், டெல்லி சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு ஒன்றை இதே கடையில் குறை சொன்ன தசரதனின் தம்பி மூர்த்தியைப் போலீஸ் கொண்டுபோயிற்று. அடுத்த வாரமே ஷூக்காரர் வந்தார். பெயரோ ஊரோ சொல்லவில்லை. கேட்கவும் யாருக்கும் துணிவில்லை. போலீஸ்காரர்கள் போடுவது போன்ற அந்தப் பழுப்பு ஷூவைப் பார்த்தே மெட்ராஸ் மஃப்டி போலீஸ் என்று கடை தீர்மானித்தது. ஏட்டு பலராமனே எழுந்து இடம் விட்ட பிறகு சந்தேகம் எங்கிருந்து வரும்?

தம்பிக்காக மேலிடத்தில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று தசரதன் நாள்தோறும் ஏலக்காய் தட்டிப்போட்ட டீயை அவருக்கு நீட்டினார்.

"தம்பி வேலூர் ஜெயில்ல கெடக்கான் சார். வாய் ஜாஸ்தி, அவ்ளோதான். கெட்டவன் இல்லீங்க."

"தெரியும்" என்பார் ஷூக்காரர்.

ஏட்டும் தன் பங்குக்குக் குனிந்து கிசுகிசுப்பார். "அதே தீர்ப்பைத் திட்டி நோட்டீஸ் போட்டுட்டு ஓடினானே சேலத்து சகாதேவன், இன்னும் சிக்கல சார்."

"தேடுங்க."

பங்குனியில் தேர்தல் முடிந்தது. ஒரு காலை, மத்திய ஆட்சி தோற்றதையும் அவசரநிலை விலக்கப்பட்டதையும் கடை ரேடியோ சொன்னது. பெஞ்சுகளில் இருந்தவர்கள் ஓரக்கண்ணால் மூலையில் இருந்த ஷூக்காரரைப் பார்த்தார்கள். தசரதன் பதறி ரேடியோவின் காதைத் திருகப் போனார்.

"பாடட்டும், விடுங்க." ஷூக்காரர் எழுந்து நின்றார். "அந்தத் தீர்ப்பு தப்புங்க. ஆளை ஏன் புடிச்சேன்னு கேக்கக்கூட கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லைன்னா, அப்புறம் கோர்ட்டு எதுக்கு? உங்க தம்பி கேட்டதும் இதைத்தானே? இனிமே அவனை உள்ள வெச்சிருக்க முடியாது. வந்துடுவான்."

சல்யூட்டுக்கு உயர்ந்த ஏட்டின் கை பாதியில் நின்றது. "சார், நீங்களே இப்படிப் பேசினா..."

"தேடினது போதும் ஏட்டய்யா" என்றார் அவர், கடை முழுக்கக் கேட்கும்படி. "சேலத்து சகாதேவன் நான்தான்."