பில்டர்

"வாயை மூடும்!"

மொழிபெயர்ப்பாளர் சரவணமுத்து மேசையில் ஓங்கி அடித்தார். தம்பையா பாதிப் பேச்சில் நிறுத்தினான்.

பின்னால் நின்ற அவன் மனைவி ஜெயலெட்சுமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இலங்கைப் பிரஜாவுரிமை விசாரணைக்காக, கொஸ்லந்தைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ் பிடித்துப் பதுளைக்கு வந்திருந்தார்கள்.

தம்பையா அப்படி என்ன சொல்லிவிட்டான்? அதிகாரி தொழிலைக் கேட்டார். "கட்டட வேலைங்க. தோட்டத்து லய வீடெல்லாம் நான் கட்டுனதுதான்" என்றான். சொந்தமாக வீடு கட்டியிருக்கிறானா என்று கேட்டார். "ஒன்னு கட்டியிருக்கேங்க, எங்க ஊரு..." என்று வாயெடுத்தான். அவ்வளவுதான்.

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. சரவணமுத்து அவரிடம் இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். 'பில்டர், பில்டர்' என்று மட்டும் அவள் காதில் விழுந்தது. அதிகாரி கடகடவென்று சிரித்தார். எதையோ எழுதி, போகலாம் என்று கையைக் காட்டினார்.

வராந்தாவில் ஜெயலெட்சுமி சரவணமுத்துவை மறித்துக்கொண்டாள்.

"படிச்சவங்கதானே நீங்க? தோட்டத்து ஆளுன்னா அதட்டுவீங்க, தொழிலச் சொல்லிக் கேலியும் பண்ணுவீங்களா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"கேலி இல்லை, பிள்ளை. பில்டர் எண்டால் கட்டுறவன். வீடு, குடியிருப்பு எண்ட இங்கிலீசுக்காரரின்ர பழைய சொல்லொண்டில இருந்து பிறந்தது. அதின்ர அடிவேரைத் தோண்டினால், 'இருக்கிறது, வாழுறது' எண்டு கருத்து. 'இவரின்ர தொழில் பேரிலயே இங்க குடியிருக்கிறவர் எண்டு கிடக்கு, வேற அத்தாட்சி என்னத்துக்கு?' எண்டு கேட்டன். அந்தாளுக்குச் சொல்லாராய்ச்சி எண்டால் பைத்தியம். சிரிச்சுப்போட்டு, பிரஜாவுரிமை குடுக்கலாம் எண்டு எழுதிப்போட்டார்."

ஜெயலெட்சுமி மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப இவர எதுக்குங்க அப்படி அதட்டுனீங்க?"

சரவணமுத்து தம்பையாவைப் பார்த்தார்.

"நீர் கட்டின வீடு எங்க கிடக்கு?"

"துறையூருங்க. திருச்சிப் பக்கம். ஆத்தா இருக்கட்டும்னு கட்டுனேன்."

"இந்தியாவில வீடிருக்கிற ஆளுக்கு இங்க என்ன பிரஜாவுரிமை எண்டு, அந்த இடத்திலயே வெட்டியிருப்பார்."

"அவருக்குத்தான் தமிழ் தெரியாதேங்க?"

"தமிழ் தெரியாது பிள்ளை. திருச்சி எண்டால் விளங்கும்."