தீனா விழுந்த கடல்

வேப்பம்பட்டு மணவாளனின் ஒரே மகன் தீனா, சுற்றுலாக் கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலையில் இருந்தான். போன வருடம் எரிமலைத் தீவுகளுக்குப் பக்கத்தில் கடலில் விழுந்தவன் கிடைக்கவே இல்லை. அந்த இடத்தில் பூப்போட்டுவிட்டு வரட்டும் என்று, கப்பல் கம்பெனி இந்த வருடம் மணவாளனையும் மனைவி ரத்னாவையும் அதே கப்பலில் அழைத்துப்போனது.

ஆள் குடியிருக்காத தீவொன்றில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். மற்றவர்கள் கடல்சிங்கங்களைப் படமெடுக்கப் போனார்கள். மணவாளன் செருப்பைக் கழற்றிவிட்டு, கறுத்த பாறைமேல் நடந்துபோய்ப் பூவை அலையில் விட்டார். பக்கத்தில் தன் குஞ்சுக்கு நிழலாக ஒரு வெள்ளைப் பறவை நின்றிருந்தது. மனிதரைக் கண்டு பயப்படத் தெரியாத பறவை.

"நைனா, செருப்பு போட்டுக்கினு வா. கல்லு சுடுது பாரு," என்றது அது.

தீனாவின் குரலேதான். மணவாளன், வழிகாட்டியாக வந்த மலையாளியிடம், "இந்தப் பட்சி பேசுமா சார்?" என்று கேட்டார்.

"இதுக்குக் குரலே கிடையாதுங்க. அலகை மட்டும் தட்டும்."

ரத்னா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. செருப்பை எடுத்துவந்து கணவரின் காலடியில் வைத்தாள். பிறகு பறவைக்கு எதிரே குந்தி, "நீ இங்க இன்னாடா துன்ற?" என்றாள்.

படகிலிருந்து கூப்பிட்டார்கள். மணவாளனுக்கு இப்போது அலகு தட்டுகிற சத்தம் மட்டுமே கேட்டது. ரத்னா கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஒவ்வொரு தட்டுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.