தேய்ந்த பக்கம்

இசைத்தட்டை அவர் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

ஒரு பக்கம் புதுக் கருக்கு மாறாமல் மின்னியது. மறுபக்கம் சாம்பல் பூத்திருந்தது.

அக்கா பாடியது சாம்பல் பக்கத்தில்.

நடுவில் ஒட்டியிருந்த தாள் எப்போதோ ஈரத்தில் உரிந்துபோயிருக்கிறது. பசைக்கறை மட்டும் மிச்சம். பாட்டின் பெயர் இல்லை. பாடியவர் பெயர் இல்லை. ஆனால் பாட்டு முடிந்து ஊசி சும்மா சுற்றும் இடத்தில், ஆணியால் கீறியது போல ஓர் எண்.

பூதக்கண்ணாடியை வைத்துத் திரும்பவும் பார்த்தார்.

அதே எண்தான்.

ஓய்வு பெற்ற மறுமாதம் தொடங்கிய தேடல். லண்டன், டெட்ராய்ட், ஒசாகா. பழைய தட்டுகளைச் சேர்ப்பவர்கள் எங்கே இருந்தாலும் எழுதினார். எல்லாக் கடிதத்திலும் 'பொருள்', 'பார்வை' போட்டு, கீழே, அக்கா மறக்காமல் வைத்திருந்த அந்தப் பதிவு எண்ணை எழுதி அடிக்கோடு இட்டார்.

எல்லோரும் பணிவாகப் பதில் போட்டார்கள். பதிவானது உண்மை. எண் கொடுத்ததும் உண்மை. தட்டு வெளிவரவில்லை. யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

அதை அவர் அக்காவிடம் சொல்லவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்லி வந்தார்.

ஹில்டா அக்கா மெல்போர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். கோலார் தங்கவயல் கிளப்பில் பாடிக்கொண்டிருந்தவள். அறுபத்தெட்டாம் வருடம் பாண்டுக்காரர்களோடு சென்னைக்குப் போய், அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் பாணியில் ஒரே ஓர் ஆங்கிலப் பாட்டைப் பாடிப் பதிவு செய்தாள். தட்டு கைக்கு வருமுன் பாண்டு கலைந்துவிட்டது.

அவருக்கு அப்போது ஆறு வயது. அது என்ன பாட்டு என்றே தெரியாது.

இல்லத்தில் அவள் இதைச் சொன்னால், நம்பாமல் தலையாட்டிவிட்டுச் சூப்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைக்கிறார்களாம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் அவளுக்கு ஒரே கேள்வி. அது வெளிய வந்துச்சாடா? யாராச்சும் கேட்டாங்களா?

இன்று ஞாயிறு.

விற்பனைக்கு விடுமுன், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் வைத்திருந்த கடைகளுக்குச் சில தட்டுகளை அனுப்பிப் பார்ப்பது அந்நாள் வழக்கம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக ஏறி இறங்கியதில், முந்தாநாள் குன்னூரில் ஒரு பேக்கரி. பின்கட்டில், பன் தட்டுகளைச் சுமந்துகொண்டு ஒரு ஜூக்பாக்ஸ். இசைத்தட்டு அதற்குள்ளேயே இருந்தது.

இவ்வளவு தேய்ந்திருக்கிறதே, அவ்வளவு பிடித்ததா என்று கடைக்காரர் நூர்தீனிடம் கேட்டார்.

"பிடிச்சதாவா? அடிக்க வந்தாங்க சார்."

மெஷினில் தட்டை எடுக்கும் கை இந்த ஒரு தட்டின் முன்னால் சிக்கிக்கொண்டதாம். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் இந்தப் பாட்டுதான். மெக்கானிக் பெங்களூரிலிருந்து வரவேண்டும். மலைப்பாதையில் மண் சரிந்து, அந்த மழைக்காலம் முழுக்க அவன் வரவில்லை. இந்திப் பாட்டுக்குக் காசு போட்டவன் மெஷினை உதைத்தான். நூர்தீனின் அத்தா மன்னிப்புக் கேட்டு டீ கொடுத்தார்.

அப்புறம் அதுவே விளையாட்டாகிவிட்டது. விவரம் தெரியாமல் புதிதாக எவனாவது வந்தால் அவனைக் காசு போட வைப்பார்கள். கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். அந்தப் பெண் குரல் எடுத்ததும் கொல்லென்று சிரிப்பு.

சொல்லிவிட்டு நூர்தீனும் சிரித்தார்.

அவரால் சிரிக்க முடியவில்லை.

தட்டைச் செய்தித்தாளில் சுற்றும்போது நூர்தீன் எதையோ முனகிக்கொண்டிருந்தார். ஆங்கிலம் மாதிரி இருந்தது. ஒரு வார்த்தையும் முழுசாக இல்லை. மெட்டு மட்டும் எங்கும் இடறாமல் போயிற்று.

என்ன பாட்டு என்று கேட்டார்.

இதுதான் சார், வேறென்ன என்றார் நூர்தீன்.

அக்காவின் பாட்டை அவர் முதன்முதலாகக் கேட்டது அப்படித்தான்.

மணி அடித்தது. போனை எடுத்தார்.

கிடைத்துவிட்டது என்றார். போடு என்றாள் அக்கா.

ஊசியை வைத்தார். போனை ஒலிபெருக்கியின் அருகே பிடித்துக்கொண்டார்.

தகரக் கூரையில் மழை பெய்வது போல இரைச்சல்.

அடியில் எங்கோ டிரம்ஸ் தட்டுவது மட்டும் கேட்டது. குரல் இல்லை. வருமென்று காத்திருந்தார். பாட்டு முடியும்வரை வரவில்லை.

ஊசி சும்மா சுற்றியது.

போனைக் காதுக்குக் கொண்டுவந்தார்.

"இப்படித் தேஞ்சு கெடக்கே," என்றாள். "இத்தனை பேராடா கேட்டாங்க?"

எந்தக் கடிதத்திலும் ஒரு விவரத்தையும் அவர் விட்டு எழுதியதில்லை.

"ஆமாக்கா," என்றார். "ஒரு மழைக்காலம் பூரா. கடைக்கு வந்தவங்க எல்லாரும்."

அங்கே அவள் யாரையோ ஆங்கிலத்தில் கூப்பிட்டாள். இன்னும் யாரையோ. நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது.

"தம்பி, இன்னொரு தரம் போடு."

ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி சற்று நின்றார். வைத்தார்.

மழை தொடங்கியது. டிரம்ஸ் வந்தது. இரண்டு சுற்று போயிற்று.

போனுக்குள்ளிருந்து அக்காவின் குரல் மெல்ல ஏறியது. நூர்தீன் விட்டுவிட்ட வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தன.