நாலாவது பக்கெட்

“மூணு பேர் இருக்கிற வீட்ல குளிக்க நாலு பக்கெட் தண்ணியா? தண்ணி பத்தாம கடல்தண்ணியைச் சுத்தம் பண்ற மீஞ்சூர்ல இருந்துக்கினு இப்படி எழுதலாமா இளமதி? தப்பா எண்ணியிருக்கே. திருத்திக்கினு வா.”

வீட்டில் ஒரு வாரம் செலவாகும் தண்ணீரை அளந்து எழுத வேண்டும் என்பதுதான் எட்டாம் வகுப்புக்கு மோகன்ராஜ் சார் கொடுத்த ப்ராஜெக்ட்.

மறுநாள் காலை குழாயில் தண்ணீர் வந்ததும் இளமதி நோட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். அம்மா பூவம்மாள் நாலு பக்கெட் பிடித்தாள். அப்பா குளித்தார், அம்மா குளித்தாள், இவளும் குளித்தாயிற்று. நாலாவது பக்கெட்டை அம்மா தட்டுப் போட்டு மூடி, ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

“இது இன்னாத்துக்கும்மா? சாயங்காலம் செடிக்குத்தானே ஊத்தப் போறே? உன்னால எனக்கு மார்க் போவுது.”

“போனாப் போவுது. அத்தத் தொடாத.”

“யாருக்குன்னாச்சும் சொல்லேன்.”

பூவம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“உங்கண்ணன் இன்னா சொல்லிட்டு பிளேன் ஏறுனான்? சொல்லாம கொள்ளாமதான் வந்து நிப்பேன்னான். அவன் வர்ற நேரத்துக்குக் குழாயில தண்ணி வருமா?”

அண்ணன் தணிகைவேல் குவைத்துக்குப் போய் மூன்று வருடமாகிறது. அவனிடமிருந்து போன் வந்தே எட்டு மாதம் ஆகிவிட்டது.

அன்று நோட்டைப் பார்த்த மோகன்ராஜ் சார் நிமிர்ந்தார்.

“பக்கெட்டைத் திருத்தச் சொன்னா, ஆளை நாலுன்னு மாத்திக்கினு வந்திருக்கே?”

“பக்கெட் சரிதான் சார். ஆளைத்தான் குறைச்சு எழுதிட்டேன்.”