புள்ளிக்குப் புள்ளி

"புள்ளியும் புள்ளியும் நேருக்கு நேரா நிக்குதாம்மா? நல்லா பார்த்துச் சொல்லு."

"நிக்குதுப்பா" என்றாள் ரேணுகாம்பாள்.

சொன்னது பச்சைப் பொய். மோட்டார் சைக்கிள் என்ஜினுக்குள் கிராங்க்கின் சின்னப் பல்சக்கரத்தில் ஒரு புள்ளி, கேம் சக்கரத்தில் ஒரு புள்ளி. இரண்டும் முட்டிக்கொண்டு நின்றால்தான் வால்வு நேரத்துக்குத் திறந்து மூடும். இப்போது கேம் சக்கரத்துப் புள்ளி ஒரு பல் மேலே ஏறி நின்றது. ஒரு பல் தப்பினாலும் போதும், புல்லட் மிதித்த காலைத் திருப்பி உதைக்கும், இருமும், தெருமுனை தாண்டாது.

அப்பா ஆதிகேசவன் பிள்ளையார்பாளையத்தில் இருபது வருஷ மெக்கானிக். வேலை சுத்தம். ஆனால் வெள்ளெழுத்து வந்ததிலிருந்து இந்த மாதிரிக் கடுகுப் புள்ளியெல்லாம் அவர் மகளின் கண்ணால்தான் பார்க்கிறார்.

இந்தப் புல்லட் யாரோ வாடிக்கைக்காரர் வண்டி இல்லை. ரேணுவுக்குப் பேசி முடித்த முசரவாக்கத்து மாப்பிள்ளை தர்மன் கேட்ட சீர். புது வண்டிக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்க வேண்டிய காலம் அது. அதனால் ஏலத்தில் போன பழசு ஒன்றை எடுத்து, என்ஜினை அக்கக்காகக் கழற்றி மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கெழம வந்து ஓட்டிப் பார்ப்போம். ஓடலைன்னா சம்பந்தம் கெடையாது" என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் பழனி தாம்பூலம் மாற்றும்போதே சபையில் கறாராகச் சொல்லியிருந்தார். "ஓடினா பொண்ணு உங்க வீட்டுப் பொண்ணு" என்று ஆதிகேசவனும் வாக்குக் கொடுத்துவிட்டார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

தாயில்லாப் பெண், இரண்டாம் தாரமானாலும் நிலம் நீச்சு உள்ள இடம் என்றுதான் அவர் சம்மதித்தார். மூத்த தாரம் காய்ச்சலில் போனாள் என்று தரகர் சொன்னார். கீரை விற்க வரும் அங்கம்மாள்தான் நாலு நாளைக்கு முன்னால் ரேணுவின் காதில் போட்டாள்.

"காய்ச்சலாவது ஒண்ணாவது! அடி பொறுக்காம கெணத்துல குதிச்சிட்டாம்மா. ஊரே வாயப் பொத்திக்கினு இருக்குது."

அப்பாவிடம் சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. சபையில் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்குகிற மனிதர் இல்லை அவர். வாங்கினால் அன்றைக்கே உயிரை விட்டுவிடுவார். வண்டி ஓடாவிட்டால் மட்டும்தான் வாக்கும் பிழைக்கும், அவளும் பிழைப்பாள். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணி வைக்கிற ஊரில், ஒரே ஒரு பொய் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்த அந்தப் பெண் பட்ட பாடு இருக்கிறதே!

ஆதிகேசவனுக்கும் முகம் சரியில்லை. நேற்று முசரவாக்கத்தில் யாருக்கோ பம்ப்செட் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. எல்லாம் வண்டிக் கவலை என்று ரேணு நினைத்துக்கொண்டாள்.

"தொண்ட காஞ்சிப்போச்சு. உள்ள போயி மோர் எடுத்தாம்மா" என்றார்.

அவள் மோரோடு வருவதற்குள் பல்சக்கரத்தின் மேல் மூடி ஏறிவிட்டது. கடைசித் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தார். மோரை வாங்கி ஓரமாக வைத்தார், ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

பதினோரு மணிக்கு வாடகைக் காரில் பழனியும் தர்மனும் வந்து இறங்கினார்கள்.

"இன்னா சம்பந்தி, வண்டி ரெடியா?"

"ஓட்டிப் பாருங்க" என்றார் ஆதிகேசவன். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

தர்மன் ரேணுவை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே வண்டியிடம் போனான். விற்பனைக்கு வந்த மாட்டைத் தட்டுவதுபோல் பெட்ரோல் டாங்கியை இரண்டு தட்டுத் தட்டினான். கிக்கர்மேல் காலை வைத்தான்.

தாயே காமாட்சி, உதைக்கட்டும். அவன் கால் முறிந்தாலும் பாவம் எனக்கு வரட்டும். கதவுக்குப் பின்னால் ரேணு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரே உதை. டுப், டுப், டுப் என்று தாளம் தப்பாமல் பிடித்துக்கொண்டது புல்லட். எதிர்வீட்டில் அவளுடைய கூறைப்புடவை நெய்துகொண்டிருந்த தறிகூட நின்றுவிட்டது. தறிக்காரர் பஞ்சாட்சர முதலியார் வாசலுக்கு வந்து, "பலே ஆதிகேசவா!" என்றார்.

தர்மன் கோயில்வரை போய்த் திரும்பி வந்தான். ஒரு இருமல் இல்லை, ஒரு திணறல் இல்லை. ரேணுவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தன் கண்ணால் பார்த்த புள்ளி எப்படிப் பொய்யாகும்?

"கை வச்சா வச்சதுதான் சம்பந்தி!" பழனி சிரித்தார். "வண்டிய இப்பவே எடுத்துக்கினு போறோம். தை பொறந்ததும் முகூர்த்தம். சபையில சொன்ன சொல்லு, ஞாபகம் இருக்குது இல்ல?"

"இருக்குது" என்றார் ஆதிகேசவன்.

காரும் புல்லட்டும் தெருமுனை திரும்பின. அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை அவர் அப்படியே நின்றார். கையில் இருந்த ஸ்பேனர் நழுவிக் காலடியில் விழுந்தது. அதைக்கூட எடுக்காமல் மகள் பக்கம் திரும்பினார். கண்ணில் நீர் நிறைந்திருந்தது.

"கெணத்துல விழுந்தவ கதைய நேத்துதாம்மா கேட்டேன். எப்பிடி ஓடுச்சு அந்த வண்டி? நீ நேரா நிக்குதுன்னு சொன்னதும் நான்தான் கேம் சக்கரத்த ஒரு பல்லு கீழ எறக்கி மாட்டினேனே!"