கதவு தட்டும் பயிற்சி

பட்டாளம் எல்லைக்குக் கிளம்ப ஒரு வாரமே இருந்தது. சிப்பாய் யாராவது இறந்தால் அவன் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று, குடும்ப நல அறையில் சார்ஜென்ட்டுக்குப் பயிற்சி. மனைவியாக நடிக்க நலச் சங்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள்.

அவர் கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரர் இனிமே வரமாட்டார்."

"தப்புண்ணே. திரும்பத் தட்டுங்க."

"உன் வீட்டுக்காரர் நம்மளை விட்டுப் போயிட்டார்."

"எங்கே, வேற பட்டாளத்துக்கா?"

சார்ஜென்ட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்படி மடக்கினா எப்படிம்மா? இறந்துட்டார்னு போட்டு உடைக்கவா முடியும்?"

"உடைக்கணும்ணே. முதல்ல அவளை உக்கார வைங்க. நீங்களும் எதிரே உக்காருங்க. அப்புறம் அந்த வார்த்தையையே சொல்லுங்க."

"வாய் வரலையே. நல்லவேளை, இது நடிப்பு."

அவள் கதவையே பார்த்தபடி சொன்னாள்.

"போன தடவை பட்டாளம் போனப்ப, எங்க வீட்டுக்கு வந்தவருக்கும் வாய் வரலைண்ணே. 'வரமாட்டார்'னு மட்டும் சொன்னார். லீவு கிடைக்கலைன்னு நினைச்சு, 'பரவாயில்லை, அடுத்த மாசம் வரச் சொல்லுங்க'ன்னு சிரிச்சேன்."

சார்ஜென்ட் ஒரு நாற்காலியை இழுத்து அவளை உட்கார வைத்தார். தானும் எதிரே உட்கார்ந்துகொண்டார்.